முப்பது வயதைக் கடந்து பல்லுக்குக் கம்பி: தெரிந்துகொள்ள வேண்டியவை

பல்லுக்குக் கம்பி போடுவதென்றால் அது பாடசாலைப் பிள்ளைகளின் விடயம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பாற்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைத்து முடியும் பதினொன்று, பன்னிரண்டு வயதளவில் இந்தச் சிகிச்சையைத் தொடங்குவதே வழக்கம். அந்த வயதில் அதைத் தவறவிட்ட சிலர் இப்போது முப்பதிலும் நாற்பதிலும் பல் சீரமைப்பு நிபுணரைத் தேடிப் போகிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. 34 ஆவது வயதில், பல்லின் நிறத்திலேயே இருக்கும் செரமிக் கம்பி போட்டுக்கொண்டேன்.

போடுவதற்கு முன்பு இதைப்பற்றி வாசிக்கத் தேடியபோது கிடைத்தவற்றில் பெரும்பாலானவை வேறு நாடுகளில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. நாங்கள் சாப்பிடும் சாப்பாட்டையோ, போருக்குள் வாழ்ந்த உடம்புகளையோ அவை கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் குறையைக் கொஞ்சமாவது நிரப்பலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் அந்த வயதில் போடவில்லை?

‘அப்போது வசதி இருக்கவில்லை’ என்பது உடனே வரும் பதில். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அல்ல. பற்கம்பிச் சிகிச்சை ஒருநாளில் முடிவதில்லை. பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வருடங்கள், சிலருக்கு அதற்கு மேலும் எடுக்கும். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை அதே கிளினிக்குக்குப் போய்க் கம்பியைச் சரிபார்க்க வேண்டும். அதாவது, பணத்தைவிட முதலில் தேவைப்படுவது, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் இதே ஊரில் இருப்போம் என்ற நிச்சயம்.

எமது தலைமுறைக்கு அந்த நிச்சயம் எப்போது இருந்தது? 1990 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 1995 ஒக்டோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது அப்பிள்ளைக்கு ஐந்து வயது. பன்னிரண்டு வயதில், 2002 இல், யுத்தநிறுத்தம் வந்தது. கம்பி போட ஏற்ற வயதும் ஓரளவு அமைதியும் சேர்ந்து வந்த காலம் அது மட்டும்தான். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது. அப்பிள்ளை வன்னியில் இருந்திருந்தால் அதற்குப் பின் 2009 மே வரை நடந்தவற்றை இங்கே சொல்லத் தேவையில்லை. வாயில் கம்பியோடு இடம்பெயர்ந்த பிள்ளைக்கு அதை யார் இறுக்குவது, யார் கழற்றுவது?

இதோடு வைத்தியர் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. இலங்கையில் பல் வைத்தியப் பட்டப்படிப்பு நீண்டகாலம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே இருந்தது. அதற்கு மேல் படித்த பல் சீரமைப்பு நிபுணர்கள் நாடு முழுவதற்குமே மிகக் குறைவு. பிள்ளையின் பல் மிதந்திருக்கிறது என்பதற்காகப் பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் போன பெற்றோர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? உயிர் தப்பினால் போதும் என்றிருந்த காலத்தில் அவர்கள் எடுத்த முடிவு சரியானதுதான். ஆனால், அன்றைய சரியான முடிவு இன்றைக்கும் கட்டுப்படுத்த வேண்டும் என்றில்லை.

இது வெறும் அழகு சார்ந்த விடயமும் அல்ல. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பற்களுக்கிடையே பிரஷ் நுழையாது. அங்கே சாப்பாடு தங்கிச் சூத்தைப் பல்லும் முரசு நோயும் வரலாம். முன்பற்கள் அதிகம் முன்னே தள்ளியிருந்தால் விழும்போது உடையும் வாய்ப்பு அதிகம். மேற்பல்லின் கடி கீழ் முரசில் படும் அளவுக்கு ஆழமாக இருந்தால் முரசு காயப்படும்.

பல் எப்படி நகர்கிறது?

பல் தாடை எலும்புக்குள் ஆணிபோல அறையப்பட்டிருப்பதில்லை. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய இழைகளாலான ஒரு படலம் இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கம் மெதுவாகத் தள்ளும்போது அந்தப் பக்கத்து எலும்பை உடம்பின் கலங்கள் கரைக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் வேறு கலங்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. இப்படிப் பல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நகரும். அதிகம் இறுக்கினால் வேகமாக நகரும் என்பது தவறான எண்ணம். அளவுக்கு மீறிய அழுத்தம் வேரையே கரைத்துவிடும்.

இந்த வேலை எந்த வயதிலும் நடக்கும். வயது வந்தவர்களில் தொடக்கம் சற்று மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு வேறுபாடுகளை அறிந்திருப்பது நல்லது. முதலாவது, தாடை வளர்ந்து முடிந்துவிட்டதால், தாடையே முன்னுக்கோ பின்னுக்கோ அமைந்திருந்தால் கம்பியால் மட்டும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. சிலருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். இரண்டாவது, நெருக்கி நின்ற பற்கள் நேராகும்போது முரசுக்குப் பக்கத்தில் சிறிய முக்கோண இடைவெளிகள் தெரியலாம். இவற்றை ஆரம்பத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் முடிவில் ஏமாற்றம் இருக்காது.

‘தெரியாத கம்பி’ என்பது என்ன?

இந்தப் பெயரில் இரண்டு வகைச் சிகிச்சைகள் இருக்கின்றன. ஒன்று, கழற்றிப் போடக்கூடிய தெளிந்த பிளாஸ்ரிக் உறை. ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணித்தியாலம் அதை அணிந்திருக்க வேண்டும். சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டுமே கழற்றலாம். மற்றையது செரமிக் கம்பி. இதில் ஒவ்வொரு பல்லிலும் பல்லின் நிறத்திலான சிறிய துண்டு ஒட்டப்படும். அவற்றினூடாக ஒரு கம்பி போகும். சிறிய றப்பர் வளையங்கள் அந்தக் கம்பியைத் துண்டோடு பிடித்து வைத்திருக்கும். துண்டுகள் தெரியாவிட்டாலும் நடுவில் ஓடும் கம்பி பெரும்பாலும் உலோகம்தான். கிட்ட நின்று கதைப்பவருக்கு அது தெரியும்.

இந்தப் பொருட்களுக்கு ஒரு பின்கதை உண்டு. தெளிந்த செரமிக் துண்டுகள் 1980 களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தன. அவற்றில் பயன்பட்ட அலுமினா என்ற பொருள், வெப்பத்தைத் தேடிச் செல்லும் ஏவுகணைகளைக் கண்காணிக்கும் கருவிகளுக்கு உறையாக அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. சிகிச்சையின் ஆரம்பத்தில் போடப்படும் நிக்கல்–டைட்டேனியம் கலந்த மெல்லிய கம்பியும் அப்படித்தான். 1960 ஐ அண்டிய காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுகூடத்தில், ஏவுகணை முனைக்கு ஏற்ற உலோகம் தேடியபோது கவனத்துக்கு வந்த கலவை அது. வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் அதன் குணம்தான் பல்லை மெதுவாக இழுக்கிறது. ஆயுதத்துக்காகத் தேடியவை பல்லை நேராக்கவும் உதவுகின்றன என்பதை எங்கள் ஊரில் இருந்துகொண்டு வாசிப்பது வேறுவிதமான அனுபவம்.

செரமிக் துண்டுகளுக்குக் குறைகளும் உண்டு. உலோகத்தைவிட விலை அதிகம். உடையக்கூடியவை. பல்லின் மேற்படையைவிடக் கடினமானவை என்பதால், கீழ்ப்பல்லில் ஒட்டினால் கடிக்கும்போது மேற்பல் தேயலாம். எனவே பல வைத்தியர்கள் மேலே செரமிக்கும் கீழே உலோகமும் போடும்படி சொல்வார்கள். அது காசு மிச்சம் பிடிக்கும் வழியும்கூட. அரச வைத்தியசாலைகளில் பிள்ளைகளுக்கும் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்குமே முன்னுரிமை. ஆகவே வயது வந்தவர்கள் பெரும்பாலும் தனியார் கிளினிக்கையே நாட வேண்டியிருக்கிறது. தவணைமுறையில் கட்ட முடியுமா என்பதை முதல் நாளே கேளுங்கள். கழற்றும் செலவும், கழற்றிய பின் போடும் ரிட்டெய்னரின் செலவும் சொல்லப்பட்ட தொகைக்குள் அடங்குமா என்பதையும் கேளுங்கள்.

ஒட்டுவதற்கு முன் சொல்ல வேண்டியவை

கதிரையில் அமர்ந்தவுடன் வைத்தியர் பழைய நோய்களைப்பற்றிக் கேட்பார். எங்களில் பலர் போர்க்காலக் காயங்களை ‘நோய்’ என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. கேட்டாலும் ‘ஒன்றுமில்லை’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால், கீழே உள்ளவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முகத்திலோ வாயிலோ அடிபட்டிருந்தால் சொல்லுங்கள். விழுந்தது, வெடிப்பில் தூக்கி எறியப்பட்டது, தாக்கப்பட்டது, எதுவாக இருந்தாலும் சரி. எப்படி நடந்தது என்று விவரிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ‘இந்தப் பக்கம் பலமாக அடிபட்டது’ என்றால் போதும். அடிபட்ட பல்லின் நரம்பு வெளியில் தெரியாமலே செத்திருக்கலாம். வேர் எலும்போடு ஒட்டிப்போயிருந்தால் அந்தப் பல் நகராது. அடிபட்ட பற்களின் வேர் கரையும் ஆபத்தும் அதிகம். முன்கூட்டியே தெரிந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மெதுவாகக் கையாளலாம்.

தலை, முகம், கழுத்துப் பகுதியில் ஷெல் துண்டு இருந்தால் சொல்லுங்கள். தாடை எக்ஸ்ரேயில் அது நிழலாக விழும். தாடை முறிந்து தகடு வைத்திருந்தால் அதுவும் முக்கியம். பின்னாளில் எம்.ஆர்.ஐ. பரிசோதனை செய்ய நேர்ந்தால், ஷெல் துண்டையும் பற்கம்பியையும்பற்றி அங்குள்ளவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள். உடம்பில் உள்ள உலோகத் துண்டு அந்தக் காந்தப் புலத்தில் ஆபத்தாகலாம். பற்கம்பியின் உலோகம் தலைப்பகுதிப் படத்தைக் குழப்பலாம்.

முரசில் இரத்தம் வந்தால், முதலில் அதற்கே சிகிச்சை. முரசு நோயோடு கம்பி போட்டால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு இன்னும் குறையும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூட. எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுப்பவர்கள் அந்த மருந்தின் பெயரைக் கொண்டுபோக வேண்டும். சில மருந்துகள் பல் நகர்வதைத் தடுக்கும்.

வவுனியா போன்று நிலத்தடி நீரில் ஃபுளோரைட் கூடிய இடங்களில் வளர்ந்தவர்களின் பற்களில் வெள்ளை அல்லது மண்ணிறக் கறை இருக்கலாம். அப்படியான பல்லில் துண்டுகள் சரியாக ஒட்டாமல் அடிக்கடி கழரக்கூடும். அது உங்கள் கவனக்குறைவு அல்ல.

இடம் போதாவிட்டால் நல்ல பற்களைப் பிடுங்கச் சொல்லலாம். ‘நல்ல பல்லை ஏன்?’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரங்கள்

ஒட்டும்போது நோகாது. நோவு சில மணித்தியாலங்களுக்குப் பிறகு தொடங்கி, அடுத்த ஓரிரு நாட்களில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பல் ஆடுவதுபோல இருக்கும். பாண் துண்டைக் கடிப்பதே பெரிய வேலையாகத் தோன்றும். தேவையென்றால் பரசிற்றமோல் எடுக்கலாம். வேறு நோ மாத்திரைகளை வைத்தியரைக் கேட்காமல் தொடர்ந்து எடுக்க வேண்டாம். அவற்றில் சில பல் நகர்வதை மந்தமாக்கும்.

அடுத்தது உதட்டின் உட்புறத்திலும் கன்னத்திலும் உரசல் காயம். கிளினிக்கில் தரும் மெழுகைச் சிறிது உருட்டி, உரசும் துண்டின் மேல் வைத்து அழுத்தினால் தாங்கும். இளஞ்சூட்டு உப்பு நீரால் வாய் கொப்பளிப்பது உதவும். சில வாரங்களில் வாய் பழகிவிடும். கம்பியின் முனை குத்தினாலோ துண்டு கழன்றாலோ நீங்களே பிடுங்காமல் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுங்கள்.

செரமிக் துண்டுகள் சற்றுத் தடிப்பானவை என்பதால் உதடு முன்னே தள்ளியதுபோல ஒரு உணர்வு இருக்கும். ‘ப’, ‘ம’, ‘வ’ போன்ற எழுத்துகளைச் சொல்லச் சில நாட்கள் சிரமப்பட்டேன். தொலைபேசியில் நேர்காணல் செய்து பிழைப்பவளுக்கு இது சின்ன விடயம் அல்ல. தினமும் பத்து நிமிடம் பத்திரிகையைச் சத்தமாக வாசித்தேன். இரண்டு வாரத்தில் பேச்சு வழமைக்கு வந்துவிட்டது.

சாப்பாடும் மஞ்சளும்

முதல் வாரத்துக்கு எங்கள் சாப்பாடே நல்ல துணை. கஞ்சி, சொதி விட்டுக் குழைத்த இடியப்பம், பாலில் நனைத்த புட்டு, பருப்பு, அவித்த மீன், வாழைப்பழம் எல்லாம் மெல்லாமலே இறங்கும். உறைப்பைக் குறையுங்கள், வாய்ப்புண்ணில் பட்டால் எரியும்.

சிகிச்சை முடியும்வரை ஒதுக்க வேண்டியவை: பருத்தித்துறை வடை, முறுக்கு, கரும்பு, ஐஸ்கட்டி, எலும்பைக் கடிப்பது. இவை செரமிக் துண்டை உடைக்கும். எள்ளுருண்டை, தொதல், டொபி போன்றவை ஒட்டிப்பிடித்து இழுக்கும். கச்சானும் ஒடியலும் வேண்டாம். மாங்காய், கொய்யாப்பழம், பனங்கிழங்கு ஆகியவற்றைச் சிறு துண்டாக்கிக் கடைவாய்ப் பல்லால் மெல்லலாம். முன்பல்லால் கடித்து இழுக்கக்கூடாது.

மஞ்சளைப்பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செரமிக் துண்டு லேசில் கறைபடாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள தெளிந்த றப்பர் வளையம் மஞ்சளை உடனே பிடித்துக்கொள்ளும். இரண்டு நேரம் சொதியும் கறியும் சாப்பிட்டால் போதும், ‘தெரியாத கம்பி’ மஞ்சள் கம்பியாகிவிடும். தேத்தண்ணியும் அப்படித்தான். எவ்வளவு துலக்கினாலும் முழுதாகப் போகாது. அடுத்த முறை கிளினிக்கில் வளையத்தை மாற்றும்போதுதான் போகும். இதற்காகக் கறியை விடத் தேவையில்லை. முக்கியமான நிகழ்வு இருந்தால் வளையம் மாற்றும் நாளை அதற்கு முன் வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக்குப் பதிலாகச் சாம்பல் நிற வளையம் கேட்கலாம். அல்லது வளையமே தேவைப்படாத வகை இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

துலக்குதல்

கம்பியைச் சுற்றிச் சாப்பாடு தங்கினால், கழற்றும் நாளில் பல் நேராகவும் ஆனால் வெள்ளைப் புள்ளிகளோடும் இருக்கும். அவை சூத்தையின் ஆரம்பம். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளியுங்கள். காலையும் இரவும் ஃபுளோரைட் உள்ள பற்பசையால் துலக்குங்கள். கம்பிக்குக் கீழே நுழையும் சிறிய கூர்ப் பிரஷ் மருந்துக்கடைகளில் கிடைக்கும். உமிக்கரியும் கரித்தூள் பற்பசையும் வேண்டாம். அவை பல்லைத் தேய்ப்பதோடு கம்பியின் இடுக்குகளில் கறுப்பாகத் தங்கிவிடும். வெற்றிலை போடுபவர்களுக்கு விட ஒரு நல்ல தருணம் இது.

ஊர் வாய்

‘உந்த வயசில உது தேவையே பிள்ளை?’ என்று செத்தவீட்டில்கூடக் கேட்பார்கள். கலியாணம் ஆகாத பெண் என்றால், ‘எங்கையோ பேசி முடிச்சிட்டினம் போல’ என்று கதை வரும். கலியாணம் ஆனவர் என்றால், ‘இனி ஆருக்குக் காட்ட?’ என்பார்கள். கால் இழந்தவர்களும் கண் இழந்தவர்களும் இருக்கும் ஊரில் பல்லுக்குச் செலவழிக்கிறாளே என்ற பார்வையும் உண்டு. அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது.

இதற்கு நான் கண்ட பதில் இதுதான். போரில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்களின் தேவை முதன்மையானது. அது நிறைவேறாமல் இருப்பது அரசினதும் சமூகத்தினதும் தவறு. ஆனால் நான் என் பல்லைக் கவனிக்காமல் விடுவதால் அவர்கள் எவருக்கும் செயற்கைக் கால் கிடைக்கப்போவதில்லை. சிறு வயதிலிருந்து கையால் வாயைப் பொத்திச் சிரித்தவர்கள் எத்தனை பேர் எங்களுக்குள் இருக்கிறார்கள் என்பதும், கம்பி போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ‘எவ்வளவு முடிஞ்சது? நோகுமோ?’ என்று தனியாக வந்து கேட்டவர்கள், பகடி பண்ணியவர்களைவிட அதிகம்.

வெளிநாடு போக இருப்பவர்களுக்கு

இன்று எங்கள் இடங்களில் இரண்டு வருடம் ஒரே ஊரில் இருப்போம் என்று சொல்ல முடியாததற்கு ஷெல் காரணமல்ல, விசா காரணம். கனடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள். பாதியில் போக நேர்ந்தால் எக்ஸ்ரே, பல் அச்சு, புகைப்படங்கள், சிகிச்சைத் திட்டம், எந்த வகைத் துண்டு ஒட்டப்பட்டது என்ற விபரம் ஆகியவற்றின் பிரதிகளை வாங்கிக்கொள்ளுங்கள். வேறு நாட்டு வைத்தியர் இடையில் ஏற்க மறுக்கலாம், அல்லது புதிதாக முழுத்தொகையும் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் பயணம் உறுதி என்றால், போய் இறங்கிய பிறகு தொடங்குவதே நல்லது. கம்பியோடு மாதக்கணக்கில் எவரும் பார்க்காமல் இருப்பது, கம்பி போடாமல் இருப்பதைவிடக் கெடுதல்.

கழற்றிய பிறகு

கம்பி கழற்றும் நாளில் சிகிச்சை முடிவதில்லை. பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க முன்பற்களின் பின்னால் மெல்லிய கம்பி ஒட்டுவார்கள், அல்லது கழற்றிப் போடும் ரிட்டெய்னர் தருவார்கள், சிலவேளை இரண்டும். ஆரம்ப மாதங்களில் வைத்தியர் சொல்லும் அளவுக்கு நாள் முழுவதும், பிறகு இரவில் மட்டும், பல்லை நேராக வைத்திருக்க விரும்பும் காலம்வரை. பிளாஸ்ரிக் ரிட்டெய்னரைக் கொதிநீரில் கழுவினால் வளைந்துவிடும். உடைந்தால் உடனே மாற்ற வேண்டும். பல ஆயிரம் ரூபாயும் இரண்டு வருடமும் செலவழித்தவர்கள் பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

எனக்கு இன்னும் ஏழு மாதம் இருப்பதாகச் சொல்கிறார்கள். நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால், முதலில் ஒரு பல் வைத்தியரிடம் முரசைக் காட்டிச் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பெரிய செலவில்லை, அரச பல் சிகிச்சை நிலையத்திலும் செய்யலாம். பிறகு பட்டம் பெற்ற பல் சீரமைப்பு நிபுணர் ஒருவரைப் பாருங்கள். கம்பி போடுவதா இல்லையா என்பதை அன்றைக்கே முடிவு செய்யத் தேவையில்லை. அடுத்த இரண்டு வருடத்தை எங்கே கழிக்கப்போகிறோம் என்று வீட்டில் இருந்து ஒருமுறை பேசிவிட்டு முடிவெடுங்கள். சிறு வயதில் எங்களுக்காக அப்படித் திட்டமிட எவராலும் முடியவில்லை. இப்போது நாங்களே செய்துகொள்ளலாம்.